பந்து வாங்குவதற்கு முன்னால்: பால்புதுமையர் விளையாட்டுக் குழுவை நடத்த வருகிறவர்களுக்கு

நம் ஊர்ப்பக்கம் இந்தப் பொறுப்பு யாருக்கும் மேடை போட்டு வந்து சேர்வதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் முடிந்து எல்லோரும் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, அதுவரை நடத்திவந்தவர் பந்துப் பையையும் விசிலையும் உங்களிடம் நீட்டி, "எனக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். எனக்கும் அப்படித்தான் வந்தது. புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் ஆட்கள் வந்து கூடும் ஒரு சிறு குழுவைச் சில ஆண்டுகள் நடத்தினேன். அப்போது யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாமே என்று நான் ஏங்கியவற்றை இங்கே எழுதுகிறேன்.

வாலிபால் சொல்லிக்கொடுக்க ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உங்களிடம் வருகிறவர் தேடுவது வேறு. திருநங்கை, பெண்ணென்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பி, தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், ஆண் பெண் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஊடுபால் உடலோடு பிறந்தவர், இன்னும் தன்னை எப்படி அழைப்பதென்று முடிவு செய்யாதவர் என்று பால்புதுமையர் யாராக இருந்தாலும், பள்ளி மைதானத்தில் ஒரு காலத்தில் கேலிக்கு ஆளாகி விளையாட்டையே விட்டுவிட்டவர்கள்தான் பாதிப்பேர். அவர்கள் இரண்டு மணி நேரம் பயமில்லாமல் ஓட வேண்டும். பிறகு, தன் இரகசியம் தன்னிடமே இருக்க, வந்த மாதிரியே வீடு திரும்ப வேண்டும். உங்கள் வேலை இதுதான். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து வருபவை.

முதல் மாதம் விசிலைத் தொடாதீர்கள்

பொறுப்பு உறுதியாகும் முன் நான்கு வாரமாவது சும்மா விளையாட வாருங்கள். யார் எந்தப் பஸ்ஸில் வருகிறார்கள், யார் மாலை ஆறரை மணிக்குக் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குகிறார்கள், யார் எப்போதும் ஓரத்தில் நிற்கிறார்கள், யார் சத்தமாகச் சிரித்தால் யார் முகம் சுருங்குகிறது என்று கவனியுங்கள். கடலூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கிறவருக்கு ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை. கடைவீதியில் துணிக்கடையில் நிற்கிறவருக்கு ஞாயிறுதான் அதிக வேலை. வீட்டில் அண்ணன்மார் இருக்கும் பெண்ணுக்கு மாலை ஏழு மணிக்குமேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. இவையெல்லாம் எந்தப் படிவத்திலும் வராது. பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூப்பிடும் சொல்

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2022இல் தமிழ்நாடு அரசு, பால்புதுமையரைக் குறிக்கும் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பத்திரிகையும் அலுவலகமும் மரியாதையான சொற்களைப் பயன்படுத்த அது உதவுகிறது. நீங்களும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் கொண்டுவந்து உறுப்பினர்களைத் திருத்தாதீர்கள். தன்னைக் 'கோத்தி' என்று (பெண்தன்மையோடு ஆண்களை நேசிப்பவர்கள் தங்களுக்குள் வழங்கும் சொல்) சொல்லிக்கொள்கிறவர் அந்தச் சொல்லில்தான் இருபது வருடம் வாழ்ந்திருக்கிறார். அவர் அதையே சொல்லட்டும்.

நம் மொழியில் ஒரு வசதியும் இருக்கிறது, ஒரு சிக்கலும் இருக்கிறது. வசதி, 'அவர்', 'நீங்கள்', 'வாருங்கள்' என்றால் ஆண், பெண் என்ற கேள்வியே எழாது. சிக்கல், முறைசொல்லிக் கூப்பிடுவது. அக்கா, அண்ணா, தம்பி என்று கூப்பிடாமல் நமக்கு அன்பு காட்டத் தெரியாது. ஆனால் முதல் நாள் வந்த திருநம்பியைப் பழக்கதோஷத்தில் 'அக்கா' என்று யாராவது அழைத்துவிட்டால் அவர் மறுவாரம் வரமாட்டார். அதனால் புதியவரிடம் "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை உடனே எல்லோரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது.

ஆட்டத்தின் வேகத்தில்தான் பெரும்பாலும் வாய் தவறுகிறது. "அடிடா", "விடுடீ" என்று கத்துவது மைதானத்தில் இயல்பு. எங்கள் குழுவில் பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பெயரை மட்டும்தான் கத்த வேண்டும் என்று வைத்தோம். முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் நாக்குத் தடுமாறியது. அதன்பின் பழகிவிட்டது. யார் பந்தைப் பிடிக்கப்போகிறார்கள் என்ற குழப்பமும் குறைந்து ஆட்டமும் தேறியது.

எந்த ஆட்டம்

உங்களுக்குப் பிடித்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நான் கபடி ஆடி வளர்ந்தவன். கபடியோடுதான் தொடங்க நினைத்தேன். இடுப்பைப் பிடித்து இழுத்துக் கீழே சாய்க்கும் ஆட்டத்தில், மார்பை இறுக்கிக் கட்டியிருக்கும் திருநம்பிக்கும் அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆன திருநங்கைக்கும் என்ன நேரும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எறிபந்துக்கு மாறினோம். நடுவே வலை இருப்பதால் உடம்பில் உடம்பு மோதாது, விதியை ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம், ஒரு பந்தும் ஒரு வலையும் போதும். இறகுப்பந்தும் நல்லது, காற்றில்லாத இடம் கிடைத்தால்.

புதுச்சேரியில் இன்னொரு ஆட்டம் நமக்காகவே காத்திருக்கிறது: பெத்தாங்க். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற இரும்புக்குண்டு ஆட்டம். மரத்தாலான ஒரு சிறு குண்டைத் தூரத்தில் போட்டு, அதன் பக்கத்தில் யாருடைய இரும்புக்குண்டு நிற்கிறது என்று பார்ப்பது. ஓட வேண்டியதில்லை. சேலை கட்டியபடி ஆடலாம். மூட்டுவலியோடு ஆடலாம். எங்கள் குழுவுக்கு வந்த மூத்த திருநங்கை அம்மா ஒருவர், "என்னால் ஓட முடியாது, நான் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று மூன்று மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார். குண்டைக் கையில் கொடுத்த நாளில் இளைஞர்கள் நான்கு பேரைத் தோற்கடித்தார். வயதானவர்களையும் உடல் முடியாதவர்களையும் பார்வையாளர்களாக உட்கார வைத்துவிடாதீர்கள். அவர்கள் ஆடக்கூடிய ஒன்று உங்கள் பையில் எப்போதும் இருக்கட்டும்.

வெறும் நடையும் ஒரு தொடக்கம்தான். 1974இல் சான்பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பாளர்கள் சிலர் சேர்ந்து ஓடத் தொடங்கியது பிறகு பல நாடுகளிலும் கிளைவிட்டது. அதே ஊரில் 1982இல், மெக்சிகோ ஒலிம்பிக்கில் பத்து அம்சப் போட்டியில் ஓடிய மருத்துவர் டாம் வாடெல் முன்னின்று தொடங்கிய கே கேம்ஸ் என்ற பால்புதுமையர் விளையாட்டுப் போட்டிக்குத் தகுதிச் சுற்றே கிடையாது. வருகிற யாரும் ஆடலாம் என்ற அந்த ஏற்பாட்டை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இடமும் நேரமும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குமேல் வண்டிகள் நுழைவதில்லை. காந்தி சிலையிலிருந்து நடக்கத் தொடங்கினால் கூட்டத்தோடு கூட்டமாக யாருக்கும் உறுத்தாமல் பேசிக்கொண்டே நடக்கலாம். நடைக்குழுவுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பந்தாட்டம் என்றால் உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் இருக்கிறது, லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானம் இருக்கிறது. கடலூரில் மஞ்சக்குப்பத்து மைதானம், அண்ணா விளையாட்டரங்கம், தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை.

இடம் பார்க்கப் போகும்போது புல்லையும் மணலையும் கடைசியில் பாருங்கள். முதலில் கழிப்பறை. திருநங்கைகளும் திருநம்பிகளும் எந்தப் பக்கம் நுழைந்தாலும் முறைக்கப்படுகிறார்கள் என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் விளையாட வருவார்கள். மயக்கம் போட்டு விழுந்த பிறகுதான் நமக்குக் காரணம் தெரியும். தனிக்கதவு உள்ள கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் நம்மவர் யாருடைய வீடாவது, நம்மை மதிக்கும் தேநீர்க் கடையாவது அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது வெளிச்சம். அதற்கடுத்தது பஸ் நிறுத்தம். கடலூரிலிருந்து வருகிறவர் திரும்பிப்போக நேரம் இருக்கும்படி ஆட்டத்தை முடியுங்கள்.

நேரம் ஒன்றே யார் வருவார்கள் என்பதைத் தீர்மானித்துவிடும். விடியற்காலை ஐந்தரை என்று வைத்தால் வெயிலுக்கு நல்லது, ஆனால் பெண்கள் வரமாட்டார்கள். மாலை ஏழு என்று வைத்தால் ஆண்கள் மட்டும் மிஞ்சுவார்கள். எங்கள் குழுவில் ஆண்டுக்கணக்காகப் பெண்களே இல்லாமல் இருந்தது. அவர்களுக்கு ஆர்வமில்லை என்று எளிதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். மாதத்தில் இரண்டு ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மாற்றிய பிறகு ஐந்து பேர் வந்தார்கள். "வாக்கிங் போய்விட்டு வருகிறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வரக்கூடிய நேரம் அது. ஆர்வமில்லை என்ற முடிவுக்கு வருவதற்கு முன் கடிகாரத்தை மாற்றிப் பாருங்கள்.

நாட்காட்டியில் சில நாட்களை இப்போதே அடித்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பரில் தானே புயலும் 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலும் நமக்குக் காட்டியதை மறக்க முடியாது. அந்த மாதங்களில் உள்ளே கூடி கேரம் ஆடலாம், முதலுதவி பழகலாம். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா நேரத்தில் திருநங்கைகள் பலர் ஊரில் இருக்கமாட்டார்கள். அப்போது போட்டி எதுவும் வைக்காதீர்கள். மாசிமகத்தன்று வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் கடற்கரையில் இடமே இருக்காது. ஆட்டம் முடிந்த வியர்வையோடு யாரையும் கடலில் இறங்க விடாதீர்கள். இந்தக் கரையில் அலையின் இழுப்பு பார்ப்பதற்குத் தெரியாது.

திருநங்கைகள் பெரியவர் ஒருவரின் கீழ் ஒரு குடும்பம் போலக் கூடி வாழும் ஜமாத்து அந்த ஊரில் இருந்தால், தொடங்கும் முன் பெரியவர்களை நேரில் போய்ப் பார்த்து, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அனுமதி கேட்பது போல அல்ல, வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்தி சொல்வது போல. மகள்களாக ஏற்றுக்கொண்ட இளைய திருநங்கைகளை அனுப்புவதும் அனுப்பாததும் பல நேரம் அவர்கள் சொல்லில் இருக்கிறது.

பெயரும் கைப்பேசியும்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். குழு உடைவதும் ஆட்கள் காயப்படுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

வாட்ஸ்அப் குழு ஒன்றைத் திறந்து எல்லோரையும் சேர்ப்பதுதான் புதிதாக வருகிறவர் முதலில் செய்யும் காரியம். செய்யாதீர்கள். குழுவில் சேர்ந்த எவருக்கும் மற்ற எல்லோருடைய எண்ணும் தெரியும். ஒருவர் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்த இன்னொருவருக்கு அவருடைய குடும்பப் படம் தெரியலாம். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். இரண்டாவது மாதத்தில் ஒரு தம்பியின் அக்காள் கணவர் அதே குழுவில் இருப்பது தெரிந்தது. இருவருமே அன்றோடு நின்றுவிட்டார்கள். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவில்லை என்றாலும், அந்த இருவரையும் நாங்கள் இழந்தோம். வாட்ஸ்அப்பிலேயே உள்ள ஒளிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) போட்டுச் செய்தி அனுப்புங்கள். பெறுகிறவருக்கு வேறு யார் பெறுகிறார்கள் என்று தெரியாது. உங்கள் எண்ணை அவர்கள் சேமித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். செய்தியிலும் 'ஞாயிறு 4 மணி, லாஸ்பேட்டை, பந்து நாங்கள் கொண்டுவருகிறோம்' என்பதற்குமேல் எதுவும் வேண்டாம். அந்தச் செய்தியை அம்மா படித்தாலும் அது விளையாட்டுச் செய்தியாக மட்டும் இருக்க வேண்டும்.

குழுவின் பெயரும் அப்படித்தான். வானவில்லும் பெருமிதமும் நமக்குப் பிடித்தவைதான். ஆனால் அந்தப் பெயர் அச்சிட்ட பனியனை வீட்டுக் கொடியில் காயப்போட முடியாதவர்தான் உங்களிடம் அதிகம் வருவார். கடற்கரை, பந்து, ஞாயிறு என்று ஏதாவது ஒரு சாதாரணப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வாங்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜிபே, போன்பே வழியாக அனுப்பினால் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் திரையில் வரும். பெயரை இன்னும் ஆவணங்களில் மாற்றாத திருநங்கைக்கு அது அவர் விட்டுவந்த பெயர். பத்து ரூபாய் பந்துக் காசுக்காக அதைப் பொருளாளரிடம் காட்ட வேண்டிய நிலையை யாருக்கும் உண்டாக்காதீர்கள். ஒரு தகர டப்பா வையுங்கள். போட முடிந்தவர் போடட்டும், முடியாதவரைக் கேட்க வேண்டாம்.

புகைப்படம்: ஆட்டம் நடக்கும்போது யாரும் எடுக்கக் கூடாது. முடிந்தபின், படத்தில் வரச் சம்மதிப்பவர்கள் மட்டும் தனியாக ஓரிடத்தில் நின்று எடுத்துக்கொள்ளட்டும். பின்னணியில் யாராவது குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று எடுப்பதற்கு முன் பாருங்கள்.

இனி மிகக் கடினமானது. விபத்து நேர்ந்தால் யாருக்குச் சொல்வது? ஒவ்வொருவரிடமும் தனியே உட்கார்ந்து மூன்று விவரம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், அந்த எண்ணில் எடுப்பவருக்குத் தெரிந்த பெயர், அவரிடம் என்ன சொல்லலாம். குழுவில் 'கயல்' என்று அறியப்படுகிறவர் வீட்டில் 'கார்த்திக்'காக இருக்கலாம். கணுக்கால் பிசகி வலியில் துடிக்கும்போது அவருடைய அப்பாவிடம் நீங்கள் 'கயலுக்கு அடிபட்டுவிட்டது' என்று சொல்லிவிட்டால், கால் ஆறும், வீடு ஆறாது. இந்தக் குறிப்பைக் கைப்பேசியில் வைக்காதீர்கள். ஒரு சிறு நோட்டில், உங்கள் கையெழுத்தில், உங்கள் பையில் இருக்கட்டும். துணைப் பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டும் அது இருக்கும் இடம் தெரியட்டும்.

முதல் தடவை வருகிறவர்

முதல் தடவை வருகிறவர் பெரும்பாலும் நேராக வரமாட்டார். மைதானத்தின் எதிரே டீக்கடையில் நின்று இரண்டு வாரம் பார்ப்பார். அவரைப் போய் அழைக்காதீர்கள், பயந்துவிடுவார். செய்தி அனுப்பி விசாரித்தவர் என்றால், ஒருவர் மட்டும், சத்தமில்லாதவராக, வேறோர் இடத்தில் அவரைச் சந்தித்துக் கூட்டிவரட்டும். புதுச்சேரியில் காந்தி சிலை, கடலூரில் பேருந்து நிலையம் எங்களுக்கு வழக்கம். வந்ததும் வட்டமாக நிற்க வைத்து 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்பதை அறவே விட்டுவிடுங்கள். நீங்கள் யார், எப்போது தெரிந்தது, வீட்டில் தெரியுமா, யாரையாவது காதலிக்கிறீர்களா என்ற நான்கு கேள்விகளையும் யாரும் கேட்கக் கூடாது என்று பழையவர்களிடம் சொல்லி வையுங்கள். கையில் பந்தைக் கொடுங்கள். ஆட்டம் முடிந்தபின் டீ வாங்கிக்கொடுங்கள். அன்றிரவு 'பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா?' என்று ஒரு செய்தி. மறுவாரம் வரவில்லை என்றால் விடுங்கள். ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு முறை கேளுங்கள்.

பதினெட்டு வயது நிறையாதவர்களைச் சேர்க்காதீர்கள். மனம் கேட்காது, ஏனென்றால் நம் உதவி அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். ஆனாலும் பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு சிறுவரைக் குழுவில் வைத்திருப்பது அவருக்கும் ஆபத்து, மற்ற எல்லோருக்கும் ஆபத்து. மனநல உதவிக்கான 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கொடுங்கள். இந்தச் சமூகத்தோடு வேலைசெய்யும் தொண்டு நிறுவனங்களின் ஆலோசகரிடம் அனுப்புங்கள்.

ஆட்டத்தில் யார் எந்தப் பக்கம்

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்த நிமிடமே மைதானத்தின் நடுவே நான்கு பேர் எங்கே போவதென்று தெரியாமல் நிற்பார்கள். ஆட்டத்திறன் பார்த்துப் பிரியுங்கள், அல்லது ஒன்று இரண்டு சொல்லிப் பிரியுங்கள்.

"திருநங்கைகளுக்குப் பலம் அதிகம், இது நியாயமா?" என்று யாராவது கேட்பார்கள். சர்வதேசத் தடகளத்தில் அது பெரிய வழக்குதான். 2023இல் உலகத் தடகளக் கூட்டமைப்பு, ஆண் பருவமடைதலைக் கடந்த திருநங்கைகளைப் பெண்கள் பிரிவிலிருந்து விலக்கியது. அது பதக்கத்துக்கான சண்டை. நம் மைதானத்தில் பதக்கம் இல்லை. உடலைச் சோதித்து ஆளை வெளியே தள்ளும் வழக்கம் என்ன செய்யும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. ஒடிசாவின் தூதீ சந்த் அதே மாதிரி விலக்கப்பட்டபோது வழக்குத் தொடுத்தார். 2015இல் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. நான்காண்டு கழித்து, தான் ஒரு பெண்ணை நேசிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். புதியவர்களுக்கு இந்த இரண்டு பேரின் கதையையும் சொல்லுங்கள். நம் கோட்டுக்குள் யாரும் யாருடைய உடலைப் பற்றியும் கேள்வி கேட்பதில்லை என்று அதன் பிறகு சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

உடம்பு

மார்பை இறுக்கிக் கட்டும் உடையோடு திருநம்பிகள் ஓடக் கூடாது. மூச்சு விரிய இடமிருக்காது, விலா எலும்பில் வலி வரும். விளையாட்டுக்கான தளர்ந்த உள்ளாடையும் அதன்மேல் பெரிய அளவு பனியனும் போதும். இதைத் தனியாக, முன்கூட்டியே சொல்லுங்கள், மைதானத்தில் எல்லோர் முன்னும் அல்ல. ஹார்மோன் சிகிச்சையில் இருக்கிறவர்கள் தங்கள் மருத்துவரிடம் விளையாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு வரட்டும். சிறுநீரை அதிகம் போக்கும் மருந்து எடுப்பவருக்கு வெயிலில் தண்ணீர் இன்னும் கூடுதலாகத் தேவை.

சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குமேல் யாரையும் ஆட விடாதீர்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொண்டுவாருங்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்துப் பேச்சுக் குழறினால் அது வெறும் களைப்பு அல்ல. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். முதலுதவிப் பையில் கையுறை இருக்க வேண்டும். யாருடைய இரத்தமானாலும் கையுறையோடுதான் தொட வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் எச்.ஐ.வி. உள்ளவரைத் தனியாகச் சுட்ட வேண்டிய தேவையே வராது. அவர் அதை உங்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

காவலர் தேர்வுக்கு உடல்தகுதிப் பயிற்சி எடுக்க வருகிற திருநங்கைகள், திருநம்பிகள் உண்டு. 2017இல் பிரித்திகா யாஷினி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தபின் அந்த ஆசை பலருக்கு வந்திருக்கிறது. அவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கி, ஓட்டத்தை நிறுத்துகடிகாரம் வைத்து அளந்து கொடுங்கள்.

யாராவது வந்து விசாரித்தால்

பொது இடத்தில் கூடி விளையாடுவது குற்றமல்ல. தன்பாலீர்ப்பும் குற்றமல்ல. அப்போது நடைமுறையிலிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயதுவந்தவர்களின் சம்மதத்தோடு நடப்பதற்குப் பொருந்தாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. திருநங்கைகள், திருநம்பிகள் உள்ளிட்ட திருநர்கள் தங்கள் பாலினத்தைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமையை அதே நீதிமன்றம் 2014இலேயே ஏற்றது.

நம் இரண்டு ஊருக்கும் நடுவே எல்லைக்கோடு இருப்பதை மறந்துவிடாதீர்கள். பால்புதுமையரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. கடலூரில் அதைச் சொல்லலாம். புதுச்சேரிக் காவல்துறை தனி. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் இரண்டுக்கும் பொது.

நடைமுறையில் சட்டத்தைவிட நிதானம் உதவும். காவலர் வந்தால் ஒருவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடர வேண்டும். கலைந்து ஓடினால் சந்தேகம்தான் வலுக்கும். "வணக்கம் சார், ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக் குழு, இதோ மைதான அனுமதிக் கடிதம்" என்பது போதும். அதனால்தான் அனுமதிக் கடிதம் வாங்கி எப்போதும் பையில் வைத்திருக்கச் சொல்கிறேன். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரின் எண் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். வம்புக்கு வரும் இளைஞர் கூட்டத்திடம் நியாயம் பேசாதீர்கள். வலையைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் சேர்ந்தே கிளம்புங்கள். ஒருவரையும் தனியாகப் பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பாதீர்கள்.

உள்ளேயிருந்து வரும் ஆபத்து

வெளியாரைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் உள்ளே நடப்பதைப் பேசத் தயங்குகிறோம். பொறுப்பாளருக்கு எல்லோருடைய எண்ணும் தெரியும், இரகசியமும் தெரியும். புதிதாக வந்தவருக்கு இந்த ஊரில் தெரிந்த ஒரே நம்மவர் நீங்கள்தான். அவர் உங்களிடம் 'இல்லை' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் பொறுப்பில் இருக்கும்வரை புதியவர் யாரிடமும் காதலோ உறவோ தேடாதீர்கள். இது கடுமையான விதி என்று சொல்வார்கள். கடுமையாகவே இருக்கட்டும். உறுப்பினர்களுக்குள் காதல் வரும், முறியும். அதில் தீர்ப்புச் சொல்லாதீர்கள், யாரையும் ஓரம் கட்டாதீர்கள், ஆட்டத்தில் வேறு வேறு அணியில் போடுங்கள்.

தொட்டார், மிரட்டினார், 'வீட்டில் சொல்லிவிடுவேன்' என்று பணம் கேட்டார் என்று யாராவது சொன்னால் அன்றே செயல்படுங்கள். புகார் உங்கள் மேலேயே வரலாம். அதற்காகத்தான் பொறுப்பாளரைச் சாராத ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை அல்லது திருநங்கையை, புகார் கேட்பவராக முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். வீட்டில் சொல்வேன் என்று மிரட்டியவருக்கு எங்கள் குழுவில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலம் பேசும் பையன்கள் ஒரு பெஞ்சிலும் கடைகடையாகக் காசு கேட்டுப் பிழைக்கும் திருநங்கைகள் ஒரு பெஞ்சிலும் உட்காரத் தொடங்கினால் அன்றே கவனியுங்கள். 'அவர்களோடு சேர்ந்து நின்றால் எங்களையும் கண்டுபிடித்துவிடுவார்கள்' என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவருடைய பயம் உண்மை. ஆனால் அந்தப் பயத்துக்காக முகத்தை மறைக்க முடியாதவர்களை ஒதுக்கிவைக்க முடியாது என்று சொன்னேன். அவர் ஆறு மாதம் வரவில்லை, பிறகு வந்தார்.

கணக்கும் பதிவும்

சுருக்கமாகச் சொல்கிறேன். டப்பாவை ஒருவர் வைத்திருக்கட்டும், கணக்கை இன்னொருவர் எழுதட்டும். மாதக் கடைசியில் வரவு செலவை வாசித்துவிடுங்கள். சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் பெயரும் முகவரியும் கையெழுத்தும் வேண்டும். அந்த ஏழு பேருக்கும் தங்கள் பெயர் அரசு ஆவணத்தில் இருப்பதில் அச்சமில்லை என்றால் மட்டும் செய்யுங்கள். ஒரு பந்துக்கும் வலைக்கும் பதிவு தேவையில்லை.

ஒப்படைப்பது

தொடங்கும் நாளிலேயே முடியும் நாளைச் சொல்லிவிடுங்கள். ஒரு வருடம் சரியான காலம். நான் மூன்று வருடம் விடாமல் நடத்தினேன். கடைசி ஆண்டில் இரவு பதினோரு மணிக்கு வரும் அழைப்புகளை எடுக்கக் கை வரவில்லை. ஒருவர் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டார், ஒருவருக்குக் கட்டாயத் திருமணம் பேசினார்கள், எல்லாம் என்னிடம் வந்தது. அவற்றை ஒருவர் தாங்கக் கூடாது. அழைப்பை எடுக்கும் முறையை வாரத்துக்கு ஒருவராக மூன்று பேருக்குள் பிரித்துக்கொண்டிருந்தால் நான் இன்னும் அந்த மைதானத்தில் நின்றிருப்பேன்.

அடுத்தவரை மூன்று மாதம் முன்பே கண்டுபிடியுங்கள். உங்களைப் போல இல்லாதவராகப் பாருங்கள். நீங்கள் ஆண் என்றால் ஒரு பெண், நீங்கள் புதுச்சேரி என்றால் கடலூர்க்காரர். முதல் மாதம் அவர் உங்கள் பக்கத்தில் நிற்கட்டும், இரண்டாவது மாதம் நீங்கள் அவர் பக்கத்தில் நில்லுங்கள், மூன்றாவது மாதம் நீங்கள் வெறும் ஆட்டக்காரர்.

பந்து, வலை, விசில், முதலுதவிப் பை, டப்பா, கணக்கு, அனுமதிக் கடிதம் ஆகியவற்றைக் கொடுத்துவிடலாம். அந்தச் சிறு நோட்டை மட்டும் கொடுக்கக் கூடாது. அதில் உள்ளவர்கள் நம்பிச் சொன்னது உங்களிடம். ஒவ்வொருவருடைய பக்கத்தையும் கிழித்து அவரவர் கையிலேயே கொடுங்கள். புதியவரிடம் மீண்டும் சொல்வதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். குழுவை விட்டுப் போனவர்களின் பக்கங்களை, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அடுப்பில் போட்டுவிடுங்கள்.